சார்ஜெண்ட் விட்டுவிட்ட கைதி

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஒரு மாலை, "தாத்தா, உங்களுக்குக் கௌபாய் படம் பிடிக்குமே, இதைப் பாருங்க" என்று சொல்லி ஒரு பழைய படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு, தன் கைப்பேசியோடு மாடிக்குப் போய்விட்டான். படத்தின் பெயர் 'பஃபலோ சோல்ஜர்ஸ்'. அவனுக்கு அந்தப் பெயர் பாப் மார்லியின் பாட்டினால் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது.

கௌபாய் பைத்தியம் எனக்கு இருந்தது உண்மைதான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டுக்கு 'பிலோத்' என்ற வாரப் பத்திரிகை கப்பலில் வரும். மூன்று நான்கு மாதம் பழசாகத்தான் கைக்குக் கிடைக்கும். 1963இல் அதில் 'ஃபோர் நவாஜோ' என்ற படக்கதை தொடராக வந்தது. நீலச் சட்டை போட்ட குதிரைப்படை, பாலைவனம், ஒரு கோட்டை, வெளியே அப்பாச்சிகள். பூகோள வகுப்பில் பிரான்ஸ் நதிகளின் பெயரை மனப்பாடம் செய்ததைவிட அந்தக் கதையை நன்றாக மனப்பாடம் செய்தேன். என் நினைவில் அந்த நீலச் சட்டைக்காரர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள்.

பேரன் போட்ட படத்தில் நீலச் சட்டைக்குள் இருந்தது கறுத்த முகம். சாய்வு நாற்காலியில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தேன்.

தியேட்டருக்காக எடுத்த படம் இல்லை இது. அமெரிக்காவில் டி.என்.டி. என்ற தொலைக்காட்சி 1997 டிசம்பரில் ஒளிபரப்புவதற்காகவே எடுத்தது. இயக்கியவர் சார்லஸ் ஹைட். சார்ஜெண்ட் வாஷிங்டன் வயாட் என்ற பாத்திரத்தில் டேனி குளோவர். கதை நடக்கும் ஆண்டு 1880. எல்லைப்புறக் கோட்டையில் இருக்கும் கறுப்பினக் குதிரைப்படைக்கு, விக்டோரியோ என்ற அப்பாச்சித் தலைவரைப் பிடித்து வரும்படி உத்தரவு. வெள்ளை அதிகாரிகளில் பலர் இவர்களை மனிதராகவே மதிப்பதில்லை. ஆனாலும் வயாட் விறைப்பாக சல்யூட் வைக்கிறார், ஒழுங்கு தவறாமல் தேடிப் போகிறார். கடைசியில் விக்டோரியோ கைக்குக் கிடைக்கும்போது, துரத்தப்பட்ட ஜனங்களின் கதி தெரிந்த பிறகு, அவரை மெக்சிகோ பக்கம் போகவிட்டுவிடுகிறார்.

படம் முடிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் நான். நல்ல முடிவு எழுதிய குறிப்பு வந்தால், பின்னால் இருக்கும் தாள்களைப் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஆகவே அடுத்த சில வாரங்கள் புரட்டினேன். அதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோட்டை. சினிமாவில் கூரிய மரக்கம்புகளை நெருக்கமாக நட்டுச் சுவர் எழுப்பியிருப்பார்கள், பெரிய கதவு இருக்கும், மேலே காவலாளி நிற்பான். டெக்சாஸ், நியூ மெக்சிகோ பக்கத்து உண்மையான கோட்டைகள் பலவற்றுக்குச் சுவரே கிடையாது. நடுவில் அணிவகுப்புத் திடல். ஒரு பக்கம் அதிகாரிகள் வீடு, எதிர்ப்பக்கம் சிப்பாய்களின் நீளக் கொட்டகைகள், லாயம், மருத்துவமனை, சரக்குக் கிடங்கு. அவ்வளவுதான். பார்க்கப்போனால் பாலைவனத்தில் ஒரு அரசாங்கக் குடியிருப்பு.

மேற்கு டெக்சாசில் இருக்கும் ஃபோர்ட் டேவிஸ் அப்படிப்பட்டது. 1854இல் ஏற்படுத்தியபோது அன்றைய போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே டேவிஸ்தான் ஏழு வருடம் கழித்து, அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத் தலைவரானார். உள்நாட்டுப் போர் முடிந்து 1867இல் அந்தக் கோட்டையை மறுபடி திறக்க வந்த படை 9ஆம் குதிரைப்படை. அதில் பலர் நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தன்னை அடிமையாகவே வைத்திருக்கப் போரிட்டவரின் பெயருள்ள கோட்டையில் தினமும் காலையில் கொடியேற்றி சல்யூட் வைத்தார்கள்.

இந்தப் படைகள் உண்டான விதம் இப்படி. 1866 ஜூலை 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கறுப்பினத்தவருக்கென்று இரண்டு குதிரைப்படை, நான்கு காலாட்படை. 1869இல் நான்கு காலாட்படையை இரண்டாகச் சுருக்கினார்கள். ஆக 9, 10 குதிரைப்படை. 24, 25 காலாட்படை. அதிகாரிகள் வெள்ளையர்கள். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர், அதோடு சாப்பாடு, உடுப்பு, தங்க இடம். சட்டத்தில் ஒரு நல்ல ஷரத்தும் இருந்தது. இந்தப் படை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதிரியார் உண்டு. சிப்பாய்களுக்கு எழுத்தறிவிப்பதும் அவர் வேலை. தெற்கே பல மாநிலங்களில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த காலம் போய், அரசாங்கச் செலவில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். படையை விட்டு ஓடிப்போகிறவர்கள் அந்நாளில் ஏராளம். கறுப்புப் படைகளில் அப்படி ஓடியவர்கள் குறைவு. ஓடிப் போக அவர்களுக்கு வேறு இடம் எது?

10ஆம் குதிரைப்படைக்குக் கர்னல் பெஞ்சமின் கிரியர்சன். விசித்திரமான மனிதர். படைக்கு வருமுன் சங்கீத வாத்தியார். சிறு வயதில் குதிரை உதைத்து முகத்தில் காயம் பட்டதால் குதிரை என்றாலே ஆகாது. அவரைத்தான் குதிரைப்படையில் போட்டார்கள்! உள்நாட்டுப் போரில் 1863இல் எதிரியின் மாநிலத்துக்குள் 600 மைல், 16 நாளில் புகுந்து வெளியே வந்து பெயர் வாங்கினார். கறுப்புப் படைக்குத் தலைமை ஏற்பதைக் கௌரவக் குறைவாகப் பல அதிகாரிகள் நினைத்த நாளில், அவர் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். ஃபோர்ட் லெவன்வொர்த்தில் படை திரட்டியபோது, அந்தக் கோட்டைத் தலைவர் இவர்களைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கூடாரம் போட வைத்தார். அதற்காகக் கிரியர்சன் விடாமல் மல்லுக்கு நின்றார். படத்திலும் அவர் வருகிறார்.

'பஃபலோ சோல்ஜர்ஸ்' என்ற பெயரைச் சூட்டியவர்கள் செவ்விந்தியர்கள் என்பார்கள். சுருள்முடி காட்டெருமையின் பிடரி மயிர் போல இருந்ததால் என்று ஒரு கதை. காயம் பட்டாலும் காட்டெருமை போல எதிர்த்து நிற்பதால் என்று இன்னொரு கதை.

அடுத்து, விக்டோரியோ. அவருடைய ஜனங்கள் நியூ மெக்சிகோவில் ஓஹோ காலியெந்தே என்ற வெந்நீர் ஊற்றுப் பக்கம் இருந்தவர்கள். 'எங்களை இங்கேயே விடுங்கள்' என்பதைத் தவிர அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 1877இல் அரசாங்கம் அவர்களை அரிசோனாவில் சான் கார்லோஸ் என்ற இடத்துக்கு மாற்றியது. வெயிலும் புழுதியும் காய்ச்சலும் உள்ள பூமி. ஒன்றுக்கொன்று ஆகாத அப்பாச்சிக் கூட்டங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். ஏன் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரே இடத்தில் இருந்தால் நிர்வாகம் சுலபம், செலவு குறைவு. அலுவலகத்தில் நான்கு கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்க நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். கோப்புக்கு வலிக்காது.

அதே வருடம் செப்டம்பரில் விக்டோரியோ சான் கார்லோசைவிட்டு வெளியேறினார். பிறகு இரண்டு வருடம் இழுபறி. ஊற்றுக்குத் திரும்புவதும் மறுபடி விரட்டப்படுவதுமாகப் போனது. 1879இல் மெஸ்கலேரோ என்ற குடியிருப்பில் அடங்கி இருந்தபோது, குதிரைத் திருட்டு, கொலை என்று அவர் மேல் பழைய வழக்கு ஒன்றைத் தூசி தட்டினார்கள். ஒருநாள் நீதிபதியும் வழக்கறிஞரும் அந்தப் பக்கமாக வந்ததைப் பார்த்து, தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் புறப்பட்டுவிட்டார் என்று சொல்வார்கள். செப்டம்பர் 4 அன்று அவருடைய ஆட்கள் ஓஹோ காலியெந்தேவில் படைக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே காவல் நின்று செத்தவர்கள் 9ஆம் குதிரைப்படைச் சிப்பாய்கள். கறுப்பர்கள். இப்படித்தான் போர் ஆரம்பித்தது. அப்பாச்சிகளின் பக்கமும் கை சுத்தம் இல்லை. வழியில் அகப்பட்ட ஆட்டிடையர்கள், குடியேறிகள் பலர் மாண்டார்கள்.

ஒரு வருடம் துரத்தினார்கள், பிடிக்க முடியவில்லை. மலையும் கணவாயும் விக்டோரியோவுக்கு உள்ளங்கை ரேகை. கிரியர்சன் வேறு விதமாக யோசித்தார். பாலைவனத்தில் மனிதனைத் துரத்த வேண்டாம், அவன் தண்ணீர் குடிக்க வரத்தான் வேண்டும், ஆகவே சுனைகளில் போய் உட்காருவோம் என்றார். 1880 ஜூலை 30 அன்று தினாஹா தெ லாஸ் பால்மாஸ் என்ற பாறைச் சுனையில், சிறு குழுவோடு அவரே கல்லடுக்கி அரண் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விடுமுறைக்கு வந்த மகனும் கூட இருந்தான்! துணைப்படை வந்து சேரும்வரை தாக்குப்பிடித்தார்கள். விக்டோரியோ தண்ணீர் இல்லாமல் திரும்பினார். அடுத்த வாரம் இன்னொரு வழியாக அவர் வடக்கே போவது தெரிந்ததும், மலைக்கு மறுபக்கமாகவே 65 மைலை 21 மணி நேரத்தில் கடந்து, ராட்டில்ஸ்னேக் ஊற்றுக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று அங்கேயும் தண்ணீர் கிடைக்கவில்லை. சில நாட்களில் விக்டோரியோ ரியோ கிராந்தே ஆற்றைத் தாண்டி மெக்சிகோவுக்குப் போய்விட்டார்.

ஆகவே நண்பர்களே, உண்மையில் எந்தச் சார்ஜெண்டும் அவரைப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் மெக்சிகோ போனது கருணையால் அல்ல, தாகத்தால். அந்தச் சுனைகளைக் காத்தவர்கள் 10ஆம் குதிரைப்படையும் 24ஆம் காலாட்படையும். மெக்சிகோவில் அக்டோபர் நடுவில், ட்ரெஸ் காஸ்தியோஸ் என்ற மூன்று குன்றுகளுக்கு நடுவே ஹோவாகின் தெர்ராசாஸ் என்பவரின் படை அவர்களைச் சுற்றி வளைத்தது. விக்டோரியோவும் அறுபதுக்கு மேற்பட்ட ஆண்களும் மடிந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் சிறைப்பட்டார்கள்.

இன்னொரு சம்பவம் படத்தில் பார்த்ததாக நினைவில்லை. அதே 1880 ஏப்ரலில், மெஸ்கலேரோ குடியிருப்பில் இருந்தவர்கள் விக்டோரியோவுக்கு உதவுகிறார்கள் என்று, 9, 10 இரண்டு படைகளும் போய் அவர்களிடமிருந்த துப்பாக்கிகளையும் குதிரைகளையும் பறித்தன. ஓடியவர்களில் சிலர் சுடப்பட்டார்கள். மீதிப் பேரை, ஆண் பெண் குழந்தை பாராமல், சாணம் மண்டிக் கிடந்த ஒரு பட்டியில் அடைத்தார்கள். உத்தரவு போட்டவர்கள் வெள்ளை அதிகாரிகள். பட்டியைச் சுற்றித் துப்பாக்கியோடு நின்றவர்களில் எத்தனை பேர் சின்ன வயதில் அடிமைச் சந்தையில் நிறுத்தப்பட்டவர்கள்? அந்த ராத்திரி அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தக் கோப்பிலும் இருக்காது. சினிமாவில் சார்ஜெண்ட் வயாட் செய்தது அந்த எழுதப்படாத தாளில்தான் இடம்பெறும்.

சரி, இப்படி உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? மூன்று கணக்கு மட்டும் சொல்கிறேன்.

வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1877இல் தேறிய முதல் கறுப்பர் ஹென்றி ஃப்ளிப்பர். 10ஆம் படையில் அதிகாரி. விக்டோரியோ போரில் செய்தி கொண்டு 98 மைலை 22 மணி நேரத்தில் சவாரி செய்தவர். மறு வருடமே, 1881இல், ஃபோர்ட் டேவிசில் சரக்குக் கணக்கில் பணம் குறைந்தது என்று அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கையாடல் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனாலும் 'அதிகாரிக்குத் தகாத நடத்தை' என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 1940இல் இறந்தார். பணிநீக்கத்தைக் கௌரவ விடுவிப்பாகத் திருத்தியது 1976இல். ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்பு அளித்தது 1999இல்.

படத்தில் கார்ல் லம்ப்லி நடித்த வழிகாட்டி கறுப்பு செமினோல் இனத்தவர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஃப்ளோரிடாவில் செமினோல் செவ்விந்தியரோடு சேர்ந்து வாழ்ந்த கறுப்பரின் வம்சம் அது. நிலம் தருவதாகச் சொன்னதை நம்பித்தான் 1870இல் மெக்சிகோவிலிருந்து வந்து படைக்கு வழிகாட்டிகளானோம் என்பது அவர்கள் கட்சி. வீரப் பதக்கம் கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை. 1914இல் அந்தப் பிரிவைக் கலைத்து, ஃபோர்ட் கிளார்க்கில் குடிசை போட்டிருந்தவர்களைக் காலி செய்ய வைத்தார்கள்.

மூன்றாவது, 9ஆம் படையின் சார்ஜெண்ட் ஜார்ஜ் ஜோர்டன். 1880 மே மாதம் துலரோசா என்ற இடத்தில் 25 பேரோடு நின்று விக்டோரியோவின் ஆட்களை விரட்டி ஊர் ஜனங்களைக் காப்பாற்றியவர். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர். ஓய்வு பெற்று நெப்ராஸ்காவில் ஃபோர்ட் ராபின்சன் பக்கத்தில் குடியிருந்தார். 1904இல் நோய் முற்றி, அந்தக் கோட்டையின் மருத்துவமனையில் சேர்க்கும்படி கேட்டார். இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். வீட்டிலேயே இறந்தார். சரியான கவனிப்பு இல்லாமல் இறந்தார் என்று படையின் பாதிரியார் எழுதி வைத்தார். அந்த ஒரு தாளாவது மிஞ்சியது.

இதையெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு தோண்டத் தோன்றியது என்று புதுச்சேரிக்காரர்கள் ஊகித்திருப்பீர்கள். என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் இந்தோசீனாவில் இருந்துவிட்டு 1954க்குப் பிறகு திரும்பினார். எங்கள் தெருவில் முதல் கிராமபோன் அவர் வீட்டில்தான். ஜூலை 14ஆம் தேதி பதக்கங்களைப் பாலிஷ் போட்டுக் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுச் சின்னத்துக்குப் போவார். மாதா மாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அவருடைய அந்தப் பென்ஷனில்தான் எனக்கும் பள்ளிச் சீருடை தைத்தது. இதை நான் மறைக்கக் கூடாது.

சைகோன் கடைத்தெரு, கப்பல் சாப்பாடு, முகாமில் பாடிய பாட்டு எல்லாம் சொல்வார். சண்டையைப் பற்றிப் பேச மாட்டார். படிப்பு முடித்த திமிரில் ஒருநாள் நானே கேட்டேன். "பெரியப்பா, அவங்களும் நம்மை மாதிரி வெள்ளைக்காரனுக்குக் கீழே இருந்தவங்கதானே? அவங்க மேல எப்படிச் சுட்டீங்க?"

கோபிப்பார் என்று பயந்தேன். கோபிக்கவில்லை. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "ஒரு கிராமத்துல தேடப் போனப்போ, ஒரு கிழவி என் கையைப் பிடிச்சுத் தோலைத் தேய்ச்சுப் பார்த்துட்டு என்னமோ கேட்டாப்பா. அவ பாஷை எனக்குத் தெரியல. தெரியாம இருந்ததே நல்லதுன்னு விட்டுட்டேன்."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் யாரையாவது தப்பவிட்டாரா என்று கேட்டிருக்கலாம். 'விட்டேன்' என்று அவர் சொல்லவேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறது. அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கும் அதே ஆசைதான் இருந்திருக்கும். தங்கள் பாட்டனார் நீலச் சட்டை போட்டதற்குப் பெருமைப்பட வேண்டும். அவர் கையில் பிறர் ரத்தம் இருக்கவும் கூடாது. சரித்திரம் இரண்டையும் சேர்த்துத் தருவதில்லை. சங்கிலியிலிருந்து விடுபட்டவனுக்கு அன்று மரியாதையாகக் கிடைத்த ஒரே வேலை, இன்னொருவனைத் தண்ணீரிலிருந்து விரட்டுவது. அந்த வேலையை அவன் நன்றாகவே செய்தான். அதற்காக அவனைத் தூற்ற எனக்கு மனம் வரவில்லை. அவன் செய்யாததைச் செய்ததாகச் சொல்லிப் போற்றவும் முடியவில்லை.

பேரன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "படம் எப்படி தாத்தா?" என்று கேட்டான். நன்றாக இருந்தது என்றேன். முடிவில் என்ன ஆகிறது என்றான். "உட்கார், சொல்றேன். படத்துல ஒண்ணு, நிஜத்துல ஒண்ணு. ரெண்டுக்கும் முன்னாடி உன் கொள்ளுத் தாத்தாவோட அண்ணன் கதை ஒண்ணு இருக்கு" என்றேன்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான்.